போர் தந்த 'போர்'

தமிழில் 'போர்' என்றால் சண்டை. மெக்கானிக் ஷெட்டில் 'போர்' என்றால் அர்த்தமே வேறு. "சார், வண்டி ஆயில் குடிக்குது. போர் தேஞ்சு போச்சு. ஸ்லீவ் போட்டாத்தான் சரியாகும்!" பழைய புல்லட்டோ ஜாவாவோ வைத்திருப்பவர்கள் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். இன்ஜின் பிளாக்குக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற அந்த உருண்டைத் துளைக்குப் பெயர்தான் போர். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது! சரியான வட்டத்தில் துளை போடும் வித்தையை மனிதன் கற்றுக்கொண்டதே பீரங்கி செய்யப் போய்த்தான்.

1712-ல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அந்தக் கால சிலிண்டரின் உட்புறம் ஒரே மேடு பள்ளம். பிஸ்டனைச் சுற்றித் தோல் வார் கட்டி, மேலே கொஞ்சம் தண்ணீரையும் நிறுத்தி, இடுக்கை அடைத்துச் சமாளித்தார்கள். அடுத்து வந்தவர் ஜேம்ஸ் வாட். 1769-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இன்ஜின்? ஓடினால்தானே! அவருடைய வடிவமைப்பில் சிலிண்டரைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றி அடைக்கிற பழைய உபாயம் பலிக்காது. கார்க், எண்ணெய்த் துணி, காகிதம், பழைய தொப்பி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்துப் பார்த்தார் மனிதர். நீராவி சந்து பொந்தெல்லாம் புகுந்து வெளியேறிக்கொண்டே இருந்தது. அறிவு இருந்தது, வட்டமான ஓட்டை இல்லை!

அந்த ஓட்டையைப் போட்டுக் கொடுத்தவர் ஜான் வில்கின்சன். 'இரும்புப் பைத்தியம்' என்று ஊரார் பட்டப்பெயர் வைத்த ஆலை முதலாளி. தன்னைப் புதைக்க இரும்பிலேயே சவப்பெட்டி செய்து வைத்துக்கொண்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! கெட்டி இரும்பாக வார்த்த பீரங்கியைச் சுழலவிட்டு, உள்ளே நேராகத் துளை போடும் முறைக்கு 1774-ல் அவர் காப்புரிமை பெற்றார். அடுத்ததாக, வாட்டின் சிலிண்டருக்காகத் தனியே ஓர் இயந்திரம் அமைத்தார். வெட்டும் கருவியைத் தாங்குகிற தண்டு சிலிண்டரின் இந்த வாயில் நுழைந்து அந்த வாயில் வெளியே வரும். இரண்டு முனையிலும் தாங்கல். தண்டு தொங்காது, அதனால் துளையும் கோணாது. அவ்வளவுதான் சூட்சுமம்! 1776-ல் டிப்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வாட்டின் இன்ஜின் ஓடியது. அதன் சிலிண்டர் 50 அங்குல விட்டம். பழைய ஷில்லிங் காசின் கனம்கூட எங்கேயும் பிசகவில்லை என்று பூரித்துப் போனார் வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன்.

ஷில்லிங் காசின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அன்றைக்கு அது சாதனை. இன்றைக்கு நம்மூர் லேத் பட்டறையில் அந்த அளவு பிசகினால் பிளாக்கைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான்!

புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் 6,000 தடவை அந்தச் சுவரை உரசுகிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 540 மீட்டர்! நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான் காவல். பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், எண்ணெயோ குறைவு. அங்கேதான் தேய்மானம் ஆரம்பிக்கும். கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேயும். வட்டம் மெல்ல முட்டை வடிவமாகும். ரிங் என்ன செய்யும், பாவம்? சந்து வழியே ஆயில் மேலேறி எரியும். சைலன்ஸரில் நீலப் புகை வரும்.

முதல் வைத்தியம், ரீபோர். போரைக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதாக்கி, அதற்கேற்ற 'ஓவர் சைஸ்' பிஸ்டனைப் போடுவது. இப்படியே ஒரு மில்லிமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் பெரிய பிஸ்டன் கிடைப்பது கஷ்டம், சுவரும் மெலிந்துவிடும். அப்போதுதான் லைனர் என்கிற ஸ்லீவ் வருகிறது. பழைய போரை இன்னும் அகலமாகக் குடைந்து, வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை உள்ளே இறுக்கிச் செருகுவார்கள். பிளாக்கைச் சூடேற்றினால் துளை விரியும், லைனரைக் குளிர வைத்தால் அது சுருங்கும். சரியான நேரத்தில் 'சொய்ங்'கென்று இறங்கிவிடும். சூடு ஆறியதும் பிரிக்க முடியாத பந்தம்! மேல் விளிம்பில் ஒரு காலர் வைத்திருந்தால் கீழே நழுவாது. பிறகு பழையபடி 70-க்கே போர் அடித்துக்கொள்ளலாம். இன்ஜினுக்கு மறுஜென்மம்.

ஏன் வார்ப்பிரும்பு? அதற்குள் கிராஃபைட் துணுக்குகள் கலந்திருக்கின்றன, அவை வழுவழுப்புத் தரும். ஹோனிங் செய்யும்போது குறுக்கும் மறுக்குமாக விழுகிற மெல்லிய கோடுகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர் கண்ணாடி மாதிரி பளபளப்பதுதான் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கோடு இல்லாத சுவரில் எண்ணெய் நிற்காது.

ஜாவா மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் வேலை இன்னும் நுணுக்கம். சுவரிலேயே ஜன்னல்கள் உண்டு. லைனரின் ஜன்னலும் பிளாக்கின் ஜன்னலும் ஒன்றோடொன்று பொருந்தணும். ஜன்னல் ஓரத்தை மழுக்காமல் விட்டால் ரிங் மாட்டி உடையும்.

வேலையில் கோளாறு இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? லைனருக்கும் பிளாக்குக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் சூடு வெளியேறாது. பிஸ்டன் உப்பிக்கொண்டு போரில் இறுகும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால்..? பட்டறைக்காரர் பார்க்கிற அந்தத் தலைமுடி அளவுக் கணக்கில் ஓட்டுகிறவரின் உயிர் இருக்கிறது!

இந்த வைத்தியம் நம்மூரில் வேரூன்றியதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக பி.எஸ்.ஏ. கம்பெனி தயாரித்த எம்.20 மோட்டார் சைக்கிள் மட்டும் சுமார் 1,26,000. அப்படிப்பட்ட ராணுவ வண்டிகள் போர் முடிந்தபின் பல நாடுகளில் பொதுமக்கள் கைக்கு வந்தன, இந்தியாவிலும்தான். பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு. புது வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். இருக்கிற இன்ஜினைப் பிழைக்க வைப்பதைத் தவிர வேறு வழி?

தாய்க் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மேட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ். தயாரித்த நிறுவனம் 1966-ல் நொடித்தது. பி.எஸ்.ஏ. 1973-ல் இன்னொரு நிறுவனத்தோடு கரைந்தது. மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018-ல் திரும்பி வந்தது, ஆனால் புது வண்டியின் பிளாக் பழைய வண்டிக்குப் பொருந்தாது. தப்பித்தது புல்லட்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டபோதும் சென்னை திருவொற்றியூரில் 'டக டக' நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி! மற்ற வண்டிகளுக்கோ, கம்பெனி செத்த பிறகும் உயிர் கொடுப்பது லைனர்தான்.

இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் இரும்பு லைனரே கிடையாது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் உருவாக்கிய நிக்காசில் மாதிரி, அலுமினியச் சுவரின் மேலேயே கடினமான பூச்சு. தேய்மானம் குறைவு, சூடும் சீக்கிரம் வெளியேறும். உண்மையிலேயே நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஆழமாகக் கீறல் விழுந்தால் வழக்கமான ரீபோர் உதவாது. புதுசாகப் பூச்சு ஏற்றணும், இல்லையென்றால் பிளாக்கையே மாற்றணும். ரீபோருக்கு வருகிற வண்டி குறையக் குறைய, அந்த வேலை தெரிந்த கைகளும் குறையும்.

அதனால், வீட்டு ஷெட்டில் அப்பாவின் பழைய வண்டி நின்றுகொண்டிருந்தால் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். நல்ல லேத் பட்டறையைத் தேடிப் போங்கள். "புது பிஸ்டனைக் கையில வெச்சு அளந்துதானே போர் அடிப்பீங்க? ஹோனிங் உண்டுதானே?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். "பிஸ்டனைக் கொண்டாங்க, அளந்துட்டு ஆரம்பிப்போம்" என்று சொல்பவரிடம் வண்டியைத் தைரியமாக விடலாம். திரும்பி வந்த வண்டியை முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டுங்கள். புது ரிங்கும் புது சுவரும் ஒன்றோடொன்று பழக அவ்வளவு அவகாசமாவது வேண்டாமா?