நாப்லஸில் நான்கு மணி நேரம்

நாப்லஸ் நகரின் கிழக்குக் கோடியில், பலாத்தா அகதி முகாமை ஒட்டி, வெள்ளைக் குவிமாடம் வைத்த சிறு கட்டடம் ஒன்று இருக்கிறது. யாக்கோபின் மகன் யோசேப்பு அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று யூதர்கள் நம்பும் இடம். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி அங்கே காவலில் இருந்த இஸ்ரேலிய எல்லைக் காவல் படையினரில் ஒருவன் மட்ஹத் யூசுஃப். 19 வயது. வட கலிலேயாவின் மெரோன் மலைமேல் இருக்கும் பெய்த் ஜன் கிராமத்து இளைஞன்; அரபி பேசும் தனி மதச் சிறுபான்மையினரான ட்ரூஸ் சமூகத்தவன். துப்பாக்கிச் சண்டையில் அவன் கழுத்தில் குண்டு பாய்ந்தது. சுமார் நான்கு மணி நேரம் இரத்தம் வடிந்து வடிந்தே இறந்தான்.

ஏன் அத்தனை நேரம்? ஜூலையில் இஸ்ரேல்-பாலஸ்தீன கேம்ப் டேவிட் அமைதிப் பேச்சு முறிந்திருந்தது. செப்டம்பர் 28 அன்று இஸ்ரேலிய எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் ஜெருசலேமின் அல் அக்ஸா வளாகத்துக்குள் நுழைந்தார்; மறுநாளே தெருக்கள் பற்றிக்கொண்டன. 1995 ஒப்பந்தப்படி நாப்லஸ் பாலஸ்தீன நிர்வாகத்தின் கையில் இருந்தது. கல்லறையில் மட்டும் இஸ்ரேலியக் காவல் தொடர்ந்தது. நகரமே எதிர்த்து நிற்கும்போது அதன் நடுவில் ஒரு கைப்பிடி வீரர்களை நிறுத்திவைத்த ஏற்பாடு அது. 1996 செப்டம்பரில் அதே இடத்தில் 6 இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

டாங்கிகளோடு உள்ளே புகுந்தால் இரு தரப்பிலும் பிணங்கள் விழும் என்று தளபதிகள் அஞ்சினார்கள். பாலஸ்தீனப் பாதுகாப்பு அதிகாரிகள் காயம்பட்டவனை வெளியே கொண்டுவர வழி செய்வதாகச் சொன்னதை நம்பிக் காத்திருந்தார்கள். பிரதமரும் பாதுகாப்பு அமைச்சருமான எஹுத் பராக், தலைமைத் தளபதி ஷாவுல் மொஃபாஸ் ஆகியோரின் பொறுப்பில் நடந்த காத்திருப்பு அது. அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காயம்பட்ட வீரனைக் களத்தில் கைவிடுவதில்லை என்பதைத் தன் முதல் விதிகளில் ஒன்றாகச் சொல்லிவந்த ராணுவம் அது. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 7 அன்று, அதே ராணுவம் கல்லறையைக் காலி செய்துவிட்டுப் போனது. திரண்ட கூட்டம் அதை உடைத்து நொறுக்கியது. ஒரு வாரத்தில் விட்டுவிடப்போகிற இடத்துக்காக அந்தப் பையன் ஏன் சாக வேண்டும்? இதைக் கேட்காமல் அவனுக்கு அஞ்சலி செலுத்துவது எனக்குப் பொய்யாகவே படுகிறது.

அதே அக்டோபர் 1 அன்று இஸ்ரேலுக்குள்ளேயே, உம் அல் ஃபஹ்ம் போன்ற அரபு ஊர்களில், ஆர்ப்பாட்டக்காரர்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தச் சில நாட்களில் 13 பேர் இறந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் இஸ்ரேலியக் குடிமக்கள். அதே அரபியைப் பேசும் ட்ரூஸ் வீரன் அரசுக்காக ஒரு பக்கம் செத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் அதே அரசின் தோட்டாவுக்கு அரபு இளைஞர்கள் பலியானார்கள். ட்ரூஸ் மக்கள் நிற்கும் இடம் எவ்வளவு குறுகலானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நாள் வேறில்லை.

அந்த இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தது 1956இல். சமூகப் பெரியவர்கள் சிலர் இசைந்ததைக் கொண்டு, ட்ரூஸ் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவையை அரசு விதித்தது. பெண்களுக்கும் மதக் கல்விக்குள் சென்றவர்களுக்கும் விலக்கு உண்டு. எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. ராமே ஊர்க் கவிஞர் சமீஹ் அல் காசிம் படையில் சேர மறுத்துச் சிறை சென்றார். மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1967இல் பிடிக்கப்பட்ட கோலான் குன்றுகளின் ட்ரூஸ் மக்களுக்கோ இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் தங்களைச் சிரியர்களாகவே கருதிவந்தார்கள். ஆனாலும் கலிலேயாவிலும் கார்மல் மலையிலும் பெரும்பாலான வீடுகளிலிருந்து பிள்ளைகள் படைக்குப் போனார்கள். யூதர்களுக்கும் தங்களுக்கும் இடையே இருப்பது ‘இரத்த உடன்படிக்கை’ என்று மேடைகளில் பேசப்பட்டது. இதுவரை 400க்கும் மேற்பட்ட ட்ரூஸ் வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பெய்த் ஜன் என்ற ஒற்றைக் கிராமத்தில் மட்டும் 50க்கும் மேல்.

இறந்தவர்களை நினைப்பதில் ட்ரூஸ் மரபு நமக்குப் புதியது. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் தோன்றிய இந்த மதம் மறுபிறப்பை உறுதியாக நம்புகிறது. உடல் என்பது உயிர் மாற்றிக்கொள்ளும் சட்டைதான். ஒரு வீட்டில் உயிர் பிரிந்த கணமே இன்னொரு ட்ரூஸ் வீட்டில் ஒரு குழந்தையாகப் பிறந்துவிடுகிறது. பேசத் தொடங்கும் வயதில் முந்தைய பிறவியின் ஊரையும் உறவையும் சொல்லும் குழந்தைகளைப் பற்றிய கதைகள் கிராமந்தோறும் உண்டு. அதனால் கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைப்பதோ அங்கே போய் அழுவதோ பழைய வழக்கமில்லை. அந்தச் சமூகத்துக்குள் பெயரும் படைப்பிரிவும் பொறித்த கற்களோடு ராணுவக் கல்லறைகளைக் கொண்டுவந்தது அரசு. கார்மலில் உள்ள இஸ்ஃபியா ஊரில் அப்படி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பக்கத்துத் தாலியத் அல் கார்மலில், 1880களில் ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் ஆலிஃபன்ட் வாழ்ந்த வீடு இப்போது ட்ரூஸ் வீரர்களின் நினைவு இல்லம். கல்லறைக்கே போகாத வழக்கத்தில் வளர்ந்த ஒரு தாய், ஆண்டுதோறும் நினைவு நாளில் அரசு வைத்த கல்லின் முன் நிற்கிறாள். உயிர் வேறெங்கோ பிறந்துவிட்டது என்ற நம்பிக்கை அவளைத் தாங்குகிறது. ஆனால் பிள்ளை ஏன் செத்தான் என்ற கேள்விக்கு அந்த நம்பிக்கையில் பதில் இல்லை. அதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

அரசின் நடத்தையைப் பெய்த் ஜன் மக்கள் நிலத்தில் பார்த்தார்கள். 1960களில் மெரோன் மலை இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் தலைமுறைகளாக உழுத நிலத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. 1987இல் மக்கள் திரண்டு போலீஸோடு மோதினார்கள். படையிலிருந்து திரும்பிய இளைஞன் தன் தாத்தாவின் நிலத்தில் வீடு கட்ட முடியாமல் அலைவது ட்ரூஸ் கிராமங்களில் தீராத குறை.

2018 ஜூலையில் நாடாளுமன்றம் ‘தேசிய அரசு’ சட்டத்தை 62க்கு 55 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. இஸ்ரேலில் சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்றது அது. சமத்துவம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆகஸ்ட் 4 அன்று டெல் அவிவின் ராபின் சதுக்கத்தில் ட்ரூஸ் மக்களும் அவர்களோடு நின்ற யூதர்களுமாகப் பல்லாயிரம் பேர் கூடினார்கள். மதத் தலைவர் ஷேக் முவஃபக் தரீஃப் பேசினார். ஐந்து வண்ண ட்ரூஸ் கொடியும் இஸ்ரேலியக் கொடியும் சேர்ந்தே பறந்தன. 2021இல் உச்ச நீதிமன்றம் 11 நீதிபதிகளில் 10 பேரின் தீர்ப்பால் சட்டம் செல்லும் என்றது. மறுத்து எழுதியவர் ஜார்ஜ் கர்ரா, அந்த அமர்வின் ஒரே அரபு நீதிபதி.

2023 நவம்பரில் காஸாவில் லெப்டினன்ட் கர்னல் சல்மான் ஹபாக்கா இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கர்னல் அஹ்சன் தக்சா. இருவரும் ட்ரூஸ் அதிகாரிகள். காஸா போர் தொடங்கிய பிறகு அமைச்சர்கள் சிலர் தேசிய அரசுச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று பேசினார்கள். ஹபாக்காவும் தக்சாவும் அடக்கமாகிவிட்டார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது.

(தொடரும்)