கணவன் கேட்ட கதை: ‘ஐஸ் வைட் ஷட்’ படமும் அதன் வட்டுப் பதிப்புகளும்

ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான ‘ஐஸ் வைட் ஷட்’டை உலகம் முதலில் ஒரு கண்ணாடி வழியாகத்தான் பார்த்தது. 1999இல் வந்த முதல் முன்னோட்டத்தில் இருந்தது ஒரே காட்சி. கண்ணாடி முன் நிற்கும் நிகோல் கிட்மனை டாம் க்ரூஸ் அணைத்து முத்தமிடுகிறார். பின்னணியில் கிறிஸ் ஐசக்கின் பாடல். அப்போது அந்த இருவரும் நிஜ வாழ்விலும் கணவன் மனைவி. முன்னோட்டம் எதை வாக்களித்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே காட்சியை முழுப் படத்தில் பார்ப்பவர் வேறொன்றைக் கவனிப்பார். கணவன் முத்தத்தில் மூழ்கியிருக்கையில் மனைவியின் பார்வை அவனை விட்டு விலகிக் கண்ணாடிக்குப் போகிறது. அவள் அங்கே இருக்கிறாள், இல்லாமலும் இருக்கிறாள். படத்தின் 159 நிமிடங்களும் அந்த விலகிய பார்வையைப் பற்றியவை. விளம்பரம் முத்தத்தை விற்றது. பார்வையாளர்கள் முத்தத்தைத் தேடி வந்து ஏமாந்தார்கள்.

ஏமாற்றத்துக்குச் சான்றுகள் உண்டு. 1999 ஜூலை 16 அன்று அமெரிக்காவில் வெளியான படம் முதல் வார இறுதியில் வசூலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அரங்கிலிருந்து வெளியே வருபவர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் அதற்குக் கிடைத்தது ‘டி மைனஸ்’. விமர்சகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தனர். கிளர்ச்சியே இல்லாத காமப் படம் என்றது ஓர் அணி. லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் அரங்கம் போட்டு எடுத்த நியூயார்க் பொய்யாக இருக்கிறது என்றும் குறை சொன்னார்கள். குப்ரிக் மார்ச் 7ஆம் தேதியே இறந்துவிட்டதால், படம் முடிவடையாதது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. ஒலிக்கலவை போன்ற கடைசிக்கட்ட வேலைகள் மிச்சமிருந்தது உண்மை. வெளியீட்டுக்குப் பிறகும் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் சுமார் 19 நிமிடங்களையும், ‘தி ஷைனிங்’கின் இறுதிக் காட்சியையும் வெட்டியவர் அவர்; இதையும் மாற்றியிருக்கக்கூடும். ஆனால் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு தயாரிப்பு நிறுவனத்துக்கும் இரு நடிகர்களுக்கும் அவர் போட்டுக் காட்டிய வடிவம் இருந்தது. வெளியான படம் அதை அடியொற்றியதுதான்.

இப்படத்தை மறுமதிப்பீடு செய்ய விரும்புபவர் தொடங்க வேண்டிய இடம் முகமூடி அணிந்தவர்களின் கலவிச் சடங்கு நடக்கும் மாளிகை அல்ல, படுக்கையறை. ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் 1926இல் நூலாக வெளியிட்ட வியன்னா குறுநாவலே படத்தின் மூலம். குப்ரிக்கும் உடன் திரைக்கதை எழுதிய ஃப்ரெடரிக் ரஃபேலும் அதை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தபோது செய்த மாற்றங்கள் பல. திருவிழாக் காலம் கிறிஸ்துமஸ் ஆனது. தம்பதி விடுமுறை கழித்த டென்மார்க்கின் பெயர்தான் மூலத்தில் மாளிகைக்குள் நுழைவதற்கான கடவுச்சொல். படத்தில் அது ‘ஃபிடேலியோ’. கணவனை மீட்கச் சிறைக்குள்ளேயே புகும் மனைவியின் கதையைச் சொல்லும் பேத்தோவன் இசைநாடகத்தின் பெயர் அது. இவற்றை ஆய்வாளர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் ஒரு நீக்கம்.

ஷ்னிட்ஸ்லரின் கதையில் மனைவி, கணவன் இருவருமே தங்கள் ஆசையை ஒப்புக்கொள்கிறார்கள். டென்மார்க் கடற்கரையில் ஓர் இளைஞனைக் கண்டு மனம் தடுமாறியதை அவள் சொல்கிறாள். அதே கடற்கரையில் கண்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி அவனும் சொல்கிறான். கணக்கு சமமாகிறது. குப்ரிக் கணவனின் பங்கை அப்படியே எடுத்துவிட்டார்.

விளைவைப் பார்க்க வேண்டும். கஞ்சா மயக்கத்தில் மனைவி ஆலிஸ் (கிட்மன்), பெண்களின் ஆசையைப் பற்றிக் கணவனைக் கேள்வி கேட்கிறாள். பெண்கள் அப்படி நினைக்கமாட்டார்கள், நீ என் மனைவி, என் குழந்தையின் தாய், உன்மீது எனக்குச் சந்தேகமே இல்லை என்கிறான் மருத்துவர் பில். அவள் சிரிக்கத் தொடங்குகிறாள். சிரித்துச் சிரித்துத் தரையில் சரிகிறாள். சன்னலுக்கு வெளியே நீல ஒளி, உள்ளே விளக்கின் மஞ்சள். பிறகு தரையில் உட்கார்ந்தபடியே, குரலை உயர்த்தாமல், கேப் காட் விடுதியில் கண்ட கடற்படை அதிகாரியைப் பற்றிச் சொல்கிறாள். அவன் அழைத்திருந்தால் கணவன், மகள், எதிர்காலம் எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாராக இருந்தாளாம். அதே நேரத்தில் கணவன்மீது அன்பு கூடியதாம். எதிரே கட்டிலில் அமர்ந்திருக்கும் பில்லுக்குப் பதிலாகச் சொல்ல எதுவுமே இல்லை. தொலைபேசி மணி அடிக்கிறது. அவன் கிளம்புகிறான்.

அந்த இரவு முழுக்க அவன் தேடி அலைவது உடலுறவை அல்ல, மனைவியிடம் திருப்பிச் சொல்ல ஒரு கதையை என்பதே இக்கட்டுரையின் வாதம். அவன் எந்தப் பெண்ணுடனும் சேர்வதே இல்லை. இறந்த நோயாளியின் மகள் காதலைக் கொட்டும்போது அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் வந்துவிடுகிறான். விலைமகளின் அறையில் முத்தம் தொடங்கும்போது ஆலிஸே கைபேசியில் அழைக்கிறாள். ஒன்றும் நடக்காமலேயே பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறான். நூறு டாலர் நோட்டை இரண்டாகக் கிழித்துப் பாதியை டாக்சிக்காரரிடம் நீட்டுகிறான். மருத்துவர் அடையாள அட்டையைப் போகுமிடமெல்லாம் காட்டுகிறான். படத்தின் தொடக்கத்தில் கழிப்பறையில் அமர்ந்து தன் தலைமுடி எப்படி இருக்கிறது என்று கேட்ட மனைவியை ஏறிட்டும் பாராமல், பிரமாதம் என்று சொன்னவன் இவன். நீ பார்க்கவே இல்லையே என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள். பாராத கணவன் பார்க்கப் புறப்பட்ட பயணம் இது. இடைஞ்சல்கள் திரைக்கதையின் பலவீனமல்ல, அதன் கட்டுமானம்.

இந்தப் பின்புலத்தில்தான் மாளிகைக் காட்சியை அணுக முடியும். பில் அறை அறையாக நடக்கிறான். கேமராவும் உடன் மிதந்து செல்கிறது. உடல்கள் இயந்திரங்களைப் போல அசைகின்றன. முகமூடிகள் அசைவற்று நிற்கின்றன. காமம் இங்கே ஒரு சடங்கு, சலிப்பூட்டும் சடங்கு. குப்ரிக் வேண்டுமென்றே கிளர்ச்சியை வடித்தெடுத்துவிட்டார்.

அமெரிக்கப் பார்வையாளர்கள் இதைப் பார்க்கவில்லை. கடுமையான வயதுச் சான்றைத் தவிர்த்து ‘ஆர்’ சான்று பெறுவதற்காக, குப்ரிக் இறந்த பிறகு வார்னர் பிரதர்ஸ் சுமார் 65 விநாடிகளுக்குக் கணினியில் உருவாக்கிய உருவங்களை அக்காட்சியில் நிறுத்தியது. அங்கி அணிந்த ஆட்கள் உடல்களை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளிப்படையாகக் காட்டியபோது கிளர்ச்சியற்றிருந்த காட்சி, மறைத்ததும் கிளர்ச்சியூட்டத் தொடங்கியது. திரைக்குப் பின்னால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்ற எண்ணத்தைத் தணிக்கையே உண்டாக்கியது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த டிவிடியும் அந்த உருவங்களையே சுமந்தது. 2007இல் வந்த வட்டுகளில்தான் மறைப்பில்லாத வடிவம் அமெரிக்க வீடுகளுக்குப் போனது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் அந்நாட்டில் உருவான கருத்துகளில் பெரும்பங்கு, இயக்குநர் அமைக்காத ஒரு காட்சியின்மீது எழுந்தவை.

ஒலியிலும் ஒரு மாற்றம் நடந்தது. அது தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. மாளிகைக் காட்சிக்கு இசையமைத்த ஜோசலின் புக், இலங்கைத் தமிழரான கர்நாடக இசைப் பாடகர் மாணிக்கம் யோகேஸ்வரனின் குரலைப் பயன்படுத்தினார். முதல் வெளியீட்டில் அதனுடன் பகவத் கீதைச் சுலோகம் ஒன்றும் ஒலித்தது. கலவிக் காட்சியின்மீது கீதை ஒலிப்பதை இந்து அமைப்புகள் கண்டித்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பிரிட்டன் வெளியீட்டுக்கு முன் அப்பகுதியை மாற்றியது. வட்டுகளில் கேட்பதும் மாற்றிய ஒலியே. கண்டித்தவர்களின் மனப்புண்ணைச் சிறிதென்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் வரலாற்றாய்வு ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும்: அமெரிக்கத் திரையில் ஒலி மூலத்தின்படி இருந்தது, காட்சி மறைக்கப்பட்டிருந்தது; பிரிட்டன் திரையில் காட்சி முழுமையாக இருந்தது, ஒலி மாறியிருந்தது.

திரைச் சட்டகமும் நிலையாக இல்லை. அரங்கில் 1.85 விகித அகலத்தில் ஓடிய படம், 2000ஆம் ஆண்டு டிவிடியில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் 4:3 வடிவில் வந்தது. 2007இல் மீண்டும் அகலத் திரைக்கு மாறியது. 2025 நவம்பரில் க்ரைட்டீரியன் நிறுவனம் ஒளிப்பதிவாளர் லாரி ஸ்மித்தின் மேற்பார்வையில் சீரமைத்த 4கே பதிப்பை வெளியிட்டது. அதுவும் மறைப்பில்லாத வடிவமே. அறையிலுள்ள விளக்குகளையும் கிறிஸ்துமஸ் மரங்களின் சிறுவிளக்குகளையுமே பெருமளவு நம்பி எடுக்கப்பட்ட படம் இது. நிறம் சற்று மாறினாலும் பொருள் மாறும்.

எனினும் வட்டு இப்படத்துக்குத் தீங்கைவிட நன்மையே அதிகம் செய்தது. இரண்டாம் முறை பார்ப்பவருக்குத்தான் பகலில் பில் மறுபடி போகும் இடங்கள் இரவின் எதிரொலிகளாகப் புலப்படும். வாடகை உடைக்கடையும் விலைமகளின் வீடும் வெளிச்சத்தில் வேறு முகம் காட்டுகின்றன. டிம் க்ரைடர் 2000இல் ‘ஃபிலிம் குவார்ட்டர்லி’யில், படத்தின் மையம் பணமும் வர்க்கமும் என்று வாதிட்டார். மிஷேல் ஷியோன் 2002இல் தனி நூலே எழுதினார். ராபர்ட் கோல்கரும் நேதன் ஏப்ரம்ஸும் 2019இல் படம் உருவான வரலாற்றை விரிவாகப் பதிவுசெய்தனர். திரும்பத் திரும்பப் பார்க்கும் வசதி இல்லாமல் இத்தகைய நுண்வாசிப்புகள் வளர்வது கடினம்.

அதே வசதி இன்னொரு தவறான வாசிப்பையும் வளர்த்தது. படம் மேல்தட்டினரின் இரகசியச் சங்கத்தை அம்பலப்படுத்துகிறது, அதற்காகவே வெட்டப்பட்டது என்ற கதை பரவிக்கிடக்கிறது. ஷ்னிட்ஸ்லரிடம் இல்லாத ஸீக்லர் பாத்திரத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். சிட்னி போலாக் நடித்த அந்தப் பணக்காரர் பில்லியர்ட்ஸ் மேசையருகே எல்லாவற்றுக்கும் விளக்கம் தருகிறார். விளக்கம் மெய்யா பொய்யா என்று படம் சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் தரும் விளக்கம் பில்லுக்கு உதவாது. அவன் பேச வேண்டிய ஆள் வீட்டில் இருக்கிறாள்.

வீட்டுக்கு வருகிறான். தலையணைமேல், அவள் அருகில், மாளிகையில் அவன் அணிந்திருந்த முகமூடி கிடக்கிறது. உடைந்து அழுது, எல்லாவற்றையும் சொல்கிறேன் என்கிறான். அவன் சொல்வதைக் குப்ரிக் நமக்குக் கேட்கவிடுவதில்லை. அடுத்த காட்சி விடிந்த பிறகு. அழுது சிவந்த ஆலிஸின் கண்கள். மனைவியின் கதையை முழுதாகக் கேட்ட நாம் கணவனின் கதைக்கு வெளியே நிறுத்தப்படுகிறோம். அது அவளுக்கு மட்டுமானது. பொம்மைக் கடையில் மகள் முன்னே ஓட, பின்னால் நடக்கும் இருவரில் முடிவெடுப்பவள் ஆலிஸ். படம் முழுக்கத் தள்ளிப்போன உடலுறவை ஒற்றைச் சொல்லில் கேட்பவளும் அவளே.

இப்படத்தைப் பற்றி இனி எழுதும் ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும்: எந்த ஆண்டின், எந்த நாட்டின் பதிப்பைப் பார்த்தோம் என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். வெளியீட்டாளர்களிடமும் ஒரு கோரிக்கை. 1999 ஜூலையில் அமெரிக்க அரங்குகளில் ஒலித்த மூல ஒலித்தடம், பொது விற்பனைக்கு இல்லாவிட்டாலும், ஆய்வாளர்கள் கேட்கும் வகையில் ஓர் ஆவணக் காப்பகத்தில் திறந்துவைக்கப்பட வேண்டும்.