நாவலும் முன்குறிப்பும்

நாவல் எழுதப் புகுவோன் கதையின் போக்கினை முன்னரே குறித்து வைத்தல் வேண்டுமா, எழுதுகோல் சென்ற வழியே தானும் செல்லலாமா என்னும் வினா எழுத்தாளரிடையே நெடுங்காலமாக உள்ளது. நாவல் முடியுமுன்னே மறைந்த ஆசிரியர் மூவரின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகின்றது.

ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் மாதந்தோறும் பகுதி பகுதியாகக் கதைகளை வெளியிட்டவர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளை எடுத்து இரு பாதியாக்குவார். ஒரு பாதியில், ‘இவனை இப்பொழுது கொணர்வதா?’ என்பது போலத் தம்மைத் தாமே வினவிக்கொள்வார். மறு பாதியில் அத்தியாயங்களின் அமைப்பைக் குறிப்பார். அத்தகையவரே 1870 ஜூன் 9 இல் மறைந்தபோது, பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட ‘எட்வின் ட்ரூட்’ கதையில் ஆறு பகுதிகளே எழுதப்பட்டிருந்தன. முடிவை விளக்கும் தாள் கிடைக்கவில்லை. அன்று தொடங்கிய ஊகம் இன்றும் ஓயவில்லை.

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய ‘சந்திரிகையின் கதை’ பாதியில் நின்றது. தாயை இழந்த சந்திரிகையையும், அவளை வளர்க்கும் இளம் விதவையான அத்தை விசாலாட்சியையும் படைத்து, விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலுவையும் அக்கதையினுள் உலவவிட்டார் கவிஞர். அதனைத் தொடர்ந்து எழுத எவர் துணிவார்?

கல்கியின் நிலை வேறு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னுக்குச் சோழர் வரலாறே சட்டகமாய் அமைந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், உத்தம சோழன் அரியணை ஏறியதும், 985 இல் இராசராசன் முடிசூடியதும் கல்வெட்டாலும் செப்பேட்டாலும் தெளிந்த செய்திகள். அச்சட்டகத்தினுள்ளே அவர் கற்பனை தாராளமாக உலாவிற்று; பூநகரியிலிருந்து மன்னார் வீதி வழியே நாம் சென்றடையும் மாதோட்டமும் அதில் இடம்பெற்றது. அச்சேறிய அத்தியாயத்தைத் திரும்ப அழைக்க இயலாத தொடர்கதையாசிரியனுக்கு இத்தகைய சட்டகம் பெருந்துணை.

1954 டிசம்பர் 5 இல் கல்கி காலமானபோது அவருடைய ‘அமரதாரா’ முடியவில்லை. ஆயினும் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார்.

குறிப்பு கற்பனையை விலங்கிடும் என்பாரின் அச்சம் முற்றும் பொய்யன்று. வகுப்பிலே கட்டுரைக்குக் குறிப்புத் தயாரிக்கச் சொன்னால் குறிப்பையே கட்டுரையாக்கித் தரும் மாணவர் உளர். எனினும் வன்னியில் வாழும் நாம் இதனை வேறு கண்கொண்டும் நோக்குதல் தகும். 2008 இல் பூநகரி மக்கள் இடம்பெயர்ந்தபோது நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் சுமந்து செல்ல எத்தனை பேரால் இயன்றது? ஆயிரம் பக்கக் கையெழுத்துப் பிரதி புகாத மூட்டையிலும் நான்காய் மடித்த ஒரு தாளுக்கு இடமுண்டு.

அத்தாளில் அடங்காதது ஆசிரியரின் நடை. ‘அமரதாரா’வைப் படிப்போர், தந்தையின் கை எங்கே ஓய்ந்தது, மகளின் கை எங்கே தொடங்கிற்று என்று தேடிக்கொண்டே பக்கம் புரட்டுவர். சந்திரிகையோ பாரதியார் விட்ட இடத்தில், இன்னும் சிறுமியாகவே நிற்கின்றாள்.