இவர் இல்லைன்னா யாரு?

மதுரையில் எனக்கு இருப்பது ஒரு பட்டன். என் எம்.எல்.ஏ.வுக்கு அப்படியில்லை. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும்போது அவர் 1, 2, 3 என்று வரிசை போடலாம். யாருக்கும் தேவையான அளவு வராவிட்டால் கடைசி வேட்பாளரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் அடுத்து எழுதியிருக்கும் பெயருக்கு மாற்றுவார்கள். என்னிடம் "அவனுக்குப் போட்டா ஓட்டுப் பிரிஞ்சிடும்ப்பா" என்றுதான் சொல்வார்கள். இவர் இல்லைன்னா யாரு என்று யாரும் கேட்பதில்லை.

காரணம் 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையிலேயே சொல்லப்பட்டது. விகிதாச்சார முறையை எதிர்த்த அம்பேத்கர், அதற்கு வாக்காளருக்கு எண்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்றார். 1951இல் நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். அன்றைக்கு அது நியாயம். இன்றைக்கு ரேஷன் கடை டோக்கனில் தன் நம்பரைப் பார்க்கத் தெரியாதவர் எத்தனை பேர்?

வரிசைக்கு எவ்வளவு வலு என்பதை 1969 காட்டியது. காங்கிரஸின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திராவின் ஆதரவு வி.வி. கிரிக்கு, தி.மு.க.வும் அவர் பக்கம். சுதந்திராவும் ஜனசங்கமும் நிறுத்தியது சி.டி. தேஷ்முக்கை. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா அந்த இரு கட்சிகளிடம் போய்க் கேட்டது முதல் ஓட்டை அல்ல, இரண்டாவதை! இந்திரா தரப்புக்கு அதுவே ஆயுதமானது. முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548. தேவை 4,18,169. மாற்று ஓட்டுகளில் ரெட்டிக்குக் கூடியது 91,879; கிரிக்கு வெறும் 18,562. அதுவே போதுமாயிருந்தது. சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டானது.

அது எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் விளையாட்டு. சாதாரண ஜனங்களிடம் வரிசையைக் கொடுத்தால்? பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. அங்கே ஜனாதிபதித் தேர்தலில் 1982 முதல் மூன்று விருப்பங்கள் வரை எழுதலாம். ஒவ்வொரு முறையும் ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால் யாரும் இரண்டாவதை எண்ணவேண்டி வரவில்லை. 2024இல்தான் வந்தது. அநுர 42.31 சதவீதம், சஜித் 32.76. மற்றவர்கள் எல்லோரும் ஒரே வீச்சில் வெளியே. அவர்களிடமிருந்த சுமார் 33 லட்சம் சீட்டுகளில் இந்த இருவருக்கும் மாறியவை 2,73,131 மட்டும். இதில் சஜித்துக்குத்தான் அதிகம். ஆனாலும் அநுர ஜெயித்தார்.

எழுதத் தெரிந்த நாடு, எழுத உரிமையும் இருந்தது. பெட்டியிலேயே நின்றுபோனவை 30 லட்சம். இருவருக்கும் கடைசி வித்தியாசம் 12 லட்சத்துச் சொச்சம்.