கூட்டம் நடைபெறாத ஆண்டு

எமது சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு ஒரேயொரு வரிதான் இருக்கிறது: "கொவிட்-19 காரணமாகக் கூட்டம் நடைபெறவில்லை." இந்த மலருக்காகப் பழைய புத்தகங்களைப் புரட்டிய நாம் அந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டோம். கூட்டம் நடைபெறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பங்குனி முதல் ஆனி வரை எம்மவர்கள் செய்த வேலை, களியாட்ட விழா வைத்து மண்டபத்துக்குக் காசு சேர்த்த ஆண்டிற்கூட நடந்ததில்லை. அதை எழுதி வைக்கத் தவறியவர்கள் நாமே. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

இப்படியான வேலைக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவியபோது, பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியன்-தே என்ற இளம் வைத்தியர் அங்கே அனுப்பப்பட்டார். நோய் மூச்சுக்காற்றால் தொற்றுகிறது என்று கண்டு, கோஸ் துணிக்கு இடையே பஞ்சை வைத்து மடித்து, தலைக்குப் பின்னால் முடியும் கவசத்தை எல்லோருக்கும் கட்டுவித்தார். அதை ஏற்க மறுத்து வெறும் முகத்துடன் நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி, சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அந்தக் கவசத்துக்கு வேண்டியவை துணி, பஞ்சு, கத்தரிக்கோல் மட்டுமே. அதனாற்றான் அது சாதாரண வீட்டுக் கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

1918இல் இன்புளுவென்சா உலகைச் சுற்றியபோது, கொழும்புத் துறைமுகம் வழியாக இலங்கைக்கும் அது வந்தது. அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கோஸ் கவசங்களைத் தைத்துக் குவித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரம் கவசத்தைச் சட்டமாக்கியது. அதன் பின்னர் கலிபோர்னியாவின் சுகாதாரச் சபையைச் சேர்ந்த டொக்டர் கெலோக், அந்தக் கோஸ் துணி உண்மையில் எதைத் தடுத்தது என்று சோதித்து 1920இல் வெளியிட்டார். நுண்துளிகளை மறிக்குமளவுக்குத் துணியை அடுக்கினால் மூச்சு விடுவது கடினமாகிறது, காற்று ஓரங்களால் புகுந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. நல்ல மனத்தோடு தைத்தது நன்றாகத் தடுக்கும் என்று இல்லை. இதை நாம் வாசித்து அறிந்தது பிற்பாடுதான். முன்பே வாசித்திருந்தால் ஒரு பெரிய கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

எம் நாட்டில் 2020 தை 27இல் சீன நாட்டுப் பெண்ணொருவர் முதல் நோயாளியாக அடையாளம் காணப்பட்டார். பங்குனி 11இல் உலக சுகாதார நிறுவனம் இதனை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. பங்குனி 20 மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. அதற்கு முன்பே, அந்த மாதத்தின் தொடக்கத்தில், உலகத்துக்கு மாதமொன்றுக்கு 8 கோடி 90 இலட்சம் மருத்துவ முகக்கவசங்கள் தேவைப்படும் என்று அதே நிறுவனம் கணக்குச் சொல்லியிருந்தது. கணக்கு எங்களுக்கு எட்டவில்லை. எட்டியது, வைத்தியசாலையொன்றில் தாதியாக இருந்த எமது பழைய மாணவி ஒருத்தி வைபர் குழுவில் விட்ட குரற்பதிவுதான்: "அக்காமார், எங்களுக்கு மேலங்கி முடியப்போகுது. உங்களால ஏதும் ஏலுமே?"

ஏலும் என்று உடனே சொல்லிவிட்டோம். தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதியவர்கள் நாம். இல்லாததைக் கொண்டு செய்வது எமக்குப் புதிதல்ல என்ற ஒரு மிதப்பு இருந்தது. மனையியல் கூடத்து மெசின்களில் மூன்றை அதிபர் வெளியே எடுத்துத் தந்தார். அவற்றில் இரண்டு கால் மெசின்கள். பாஸ் இருந்த ஒருவரின் வாகனத்தில் அவை வீடுவீடாகப் போயின. துணிக்கடைகள் பூட்டிக் கிடந்தன. பை தைத்து விற்கும் ஒருவரிடம், பொலித்தீன் பைகளுக்குப் பதிலாக வந்ததே அந்த நெய்யாத துணி, அது சுருள் சுருளாக இருந்தது. பார்க்க வைத்தியசாலை உடுப்பு மாதிரியே இருந்ததால் வேறு எதையும் யோசிக்கவில்லை. முதல் நாளே ஒருவர் அதற்கு இஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தார். துணி உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. அது பிளாஸ்ரிக் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பத்து நாளில் அறுபது மேலங்கிகள் போயின. அடுத்த நாள் ஒரு காணொளி வந்தது. தாதித் தங்கை எங்களது மேலங்கியின் கையை ஒரு கோப்பையின் மேல் இழுத்துப் பிடித்து, தேத்தண்ணீர்க் கரண்டியால் தண்ணீர் ஊற்றி, விரலால் மெல்ல அழுத்துகிறாள். அடியில் ஈரம். அவள் ஒன்றும் பேசவில்லை. வைத்தியசாலை அறுபதையும் திருப்பி அனுப்பியது.

அந்த இரவு குழுவில் நடந்த வாக்குவாதத்தை மறைக்க விரும்பவில்லை. சிலருக்குக் கோபம்: ஒன்றுமில்லாத நேரத்தில் தந்ததைத் திருப்புவதா? சிலருக்கு வெட்கம். அப்போது ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "சுத்திகரிப்புத் தொழிலாளர்களுக்காவது கொடுக்கலாமே, அவர்கள் நோயாளியைத் தொடுவதில்லைத்தானே" என்று எழுதினார். சிறிது நேரம் எவரும் மறுமொழி போடவில்லை. பிறகு, எங்களில் பலருக்குத் தையல் படிப்பித்த, அப்போது எண்பதைக் கடந்திருந்த ரீச்சர், பேத்தியைக் கொண்டு எழுதுவித்தார்: "வாந்தியையும் இரத்தத்தையும் முதலில் துடைக்கிறது ஆர் பிள்ளையள்?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அறுபதையும் பிரித்து, சந்தைக்குப் போகிறவர்களுக்கான பைகளாகத் தைத்தோம். எமது வரலாற்றில் இதைவிடச் சரியாக எடுத்த தீர்மானங்கள் பல இருக்கலாம். இவ்வளவு வலித்து எடுத்தது வேறில்லை என்று நினைக்கிறோம்.

இரண்டாம் முறை வழி காட்டியவர் எமது கல்லூரியில் படித்தவர் அல்லர். தென்பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, ஊரடங்குக்குச் சற்று முன் வீட்டுக்கு வந்து அகப்பட்டுக்கொண்ட இருபத்துமூன்று வயதுப் பெண். மெசின் வைத்திருந்த எமது அங்கத்தவர் ஒருவரின் பக்கத்து வீடு. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவர், இரண்டாம் நாள் கேட்டாராம்: "அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு சின்னத் தையல் போடுறியள்?" சின்னத் தையல் போடப்போட ஊசித்துளைகள் முத்திரை ஓரம் போல நெருங்கும், தண்ணீர் அங்கேதான் புகும் என்று விளக்கினார். நீளத் தையல் போடவேண்டும். குண்டூசி குத்தக்கூடாது, உடுப்புக் கொடியில் போடும் கிளிப்பால் பிடிக்கவேண்டும். பொருத்தை மடித்து உள்ளே விட்டு மேலே ரேப் ஒட்டவேண்டும். துணியும் வேறு, உட்புறம் மெல்லிய படலம் பூசியது. அதைத் தேடிப்பிடிக்க ஒரு கிழமை சென்றது. இம்முறை அனுப்பும் முன்பே ஒவ்வொன்றிலும் நாமே தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வைத்தியசாலை ஏற்றுக்கொண்டது. பின்புறம் கட்டும் நாடா போதாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதை நான்கு அங்குலம் நீட்டினோம்.

முகத்தடுப்புகள் சுலபமாக வந்தன. போட்டோக் கொப்பிக் கடைகளில் அறிக்கைக்கு அட்டையாகப் போடும் கண்ணாடித் தாள், மெத்தைக் கடைப் பஞ்சுத் துண்டு, இலாஸ்ரிக், அவ்வளவுதான். ஏ4 தாள் நாடிக்குக் கீழே எட்டவில்லை என்றதும் ஏ3க்கு மாறினோம். இலாஸ்ரிக் முடிந்தபோது பழைய பாவாடைகளிலிருந்து உருவியவர்களும் உண்டு.

கடல் கடந்திருந்த எம்மவர்களும் அதே காலத்தில் ஊசியும் நூலுமாகத்தான் இருந்தார்கள். பிரித்தானியாவில் ஒரு தாதி முகநூலில் தொடங்கிய 'ஃபோர் த லவ் ஒஃப் ஸ்க்ரப்ஸ்' குழு, சில கிழமைகளில் நாடு முழுவதும் பரவி, வைத்தியசாலைச் சீருடைகளைத் தைத்தது. எமது லண்டன் கிளையினர் சிலர் அதில் சேர்ந்து, தலையணை உறைகளில் கயிறு கோத்து, சீருடையை வீட்டில் அப்படியே கழுவப் போடும் பைகளைத் தைத்தார்கள். அங்கே வேலை செய்த எமது தங்கை ஒருத்தி, தன் விடுதியில் குப்பைப் பையை வெட்டிப் போட்டுக்கொண்டு நின்றதாக எழுதியபோது நாம் நம்பவில்லை. பணக்கார நாட்டிலுமா? பிறகு அந்த அரசாங்கம் துருக்கியிலிருந்து விமானப்படை விமானத்தில் அவசரமாக எடுப்பித்த மேலங்கிகளிற் பல தரச்சோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. அதை வாசித்தபோது எங்கள் அறுபதின் துக்கம் சற்று ஆறியது என்பதை ஒளிக்கமாட்டோம்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் தொற்றுக் கொத்து கண்டுபிடிக்கப்பட்டது. ஊரெங்கும் பேச்சு மாறியது. ஆடைத் தொழிற்சாலைப் பெண் என்றால் பஸ்ஸில் விலகி உட்கார்ந்தார்கள். வாடகை அறையை விடச்சொன்னார்கள். எங்களுக்குத் தையல் சொல்லித்தந்தவர் வைகாசியிலேயே வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் வேலை செய்தது வேறு இடம். இருந்தும் தீபாவளிக்கு ஊருக்கு வருவதற்கு அஞ்சி அங்கேயே நின்றுவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். அப்போது எமது சங்கம் ஒரு வார்த்தை பகிரங்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்த மலரின் பின்பகுதியில் 2020இல் உழைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் வருகிறது. அங்கத்தவர்களின் பெயர்களை மட்டுமே போடுவது என்பது முதலில் எடுத்த தீர்மானம். மலர்க்குழு இரண்டு தடவை கூடிப் பேசி அதை மாற்றியது. அவருடைய பெயர் அகரவரிசையில், நடுவில், வேறு குறிப்பில்லாமல் இருக்கிறது. போடலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, சிரித்துவிட்டு, "நாடாவை நீட்டினீங்களா அக்கா?" என்றார்.

பழுப்புக் கடதாசியில் வெட்டிய அந்த மாதிரி இப்போதும் மனையியல் கூடத்து அலுமாரியில், மேற்றட்டில் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் "நாடா + 4 அங்." என்று எழுதியிருக்கும்.