சேரன்மாதேவியும் எட்டயபுரமும்: இரண்டு பந்திகள்

பிள்ளைகள் எதை உண்ண வேண்டும் என்று சொல்ல இன்று ஆளுக்குக் குறைவில்லை. கீரை, பருப்பு, முட்டை, பழம் என்று பட்டியல்கள் நீள்கின்றன. பட்டியல் பிழையானதன்று. ஆனால் பழக்கம் பட்டியலால் வருவதில்லை. எந்த வேளையில், யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து, யார் கையால் உண்கிறோம் என்பதைப் பொறுத்தே அது படிகிறது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றிலேயே இரண்டு பந்திகள் இருக்கின்றன. ஒன்று தாமிரவருணிக் கரையில் விரித்தது. மற்றொன்று கரிசல் மண்ணில்.

முதல் பந்தி சேரன்மாதேவியில். புதுச்சேரியிலிருந்து திரும்பிய வ.வே.சு. ஐயர், 1922இல் அங்கே ஒரு குருகுலத்தை நிறுவினார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, கம்பனில் தோய்ந்தவர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர். தாய்மொழிக் கல்வியும் உடலுழைப்பும் நாட்டுப்பற்றும் இணைந்த ஒரு பள்ளியை அவர் கனவு கண்டார். தமிழ்நாடு காங்கிரஸும் பொருளுதவி செய்தது. அந்தக் கனவு உடைந்த இடம் பாடப்புத்தகமன்று, சாப்பாட்டுக் கூடம். பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியே உண்ண வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். ஐயர் அதற்கு இசைந்தார். தாம் எல்லோருடனும் உண்ணத் தயங்காதவர், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற மட்டும் தயங்கினார். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று. இருக்கும் இருவரை விட்டுவிட்டு, இனி வருவோருக்குத் தனிப்பந்தி கிடையாது என்ற சமரசமும் பேசப்பட்டது. புண் ஆறவில்லை. 1925 ஜூன் மாதம் பாபநாச அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் நீத்தார். குருகுலமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்தச் சண்டையை அரசியல் வரலாறாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். பிள்ளைகளின் பக்கமிருந்தும் ஒருமுறை பார்க்கலாம். அந்த இருவருக்கும் தனியே அமரும் பழக்கத்தை ஊட்டியவர்கள் பெரியவர்கள். மற்றப் பிள்ளைகளோ, அடுத்த அறையில் தங்களைப் பார்க்காமல் இருவர் உண்கிறார்கள் என்பதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்கள்.

அதே ஆண்டுகளில் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தரத் தீர்மானித்தது 1920இல். செலவுக்கு அனுமதி மறுக்கப்பட்டு 1925இல் அது நின்றுபோயிற்று. பிறகு முப்பதாண்டு இடைவெளி.

இரண்டாம் பந்தி 1956இல், எட்டயபுரத்தில். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது, வந்தாலும் பாடம் ஏறாது என்பதைக் காமராசர் அறிந்திருந்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதைத் திட்டமாக்கினார். தொடக்கத்தில் அரசுப் பணமில்லை. ஊரார் தந்த தானியமும் காயும் விறகும்தான் முதல். 1957இல் அரசு செலவில் பங்கேற்றபோதும் பத்தில் ஆறு பங்கு அரசுடையது, நான்கு பங்கு ஊருடையது. தாமிரவருணிப் பாசனத்தில் நெல் விளையும். கரிசலில் கம்பும் சோளமும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு விசேஷ நாளில் காண்பது. அந்த மண்ணின் பிள்ளைகளுக்குப் பகல்வேளையில் உறுதியாக ஒரு சோறு என்பது சிறிய செய்தியன்று.

அங்கே பிள்ளைகள் கற்றவை என்னென்ன? மணி அடித்தால் பசிக்கும் என்ற ஒழுங்கு. பிறர் உண்பதைப் பார்த்துத் தாமும் உண்ணும் துணிவு. வீட்டில் ஒதுக்குகிற காயைப் பந்தியில் பேசாமல் தின்கிற பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, எல்லாருக்கும் ஒரே உலை என்பது. சேரன்மாதேவியில் முடியாமல் போனது, அறிவிப்பு ஏதும் இல்லாமல் பல பள்ளித் திண்ணைகளில் நடக்கத் தொடங்கியது.

பின்பு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு இதைச் சத்துணவாக விரித்தது. 1989இல் கலைஞர் அரசு முட்டையைச் சேர்த்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவை உண்ணாமல் விட்டார்கள். உண்ண வேண்டாமென்று சொன்னவர்கள் பெற்றோர். நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் போய்ப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. நூறாண்டு கழிந்தும் அடுக்களை வாசலில் அதே பெற்றோர் நிற்பதுபோல் நமக்குத் தோன்றியது.

உணவுப் பழக்கங்களில் கெட்டது எது என்று கேட்டால், இனிப்பு, எண்ணெய், பொட்டலத் தின்பண்டம் என்போம். அவை உடலைக் கெடுப்பவை; மருத்துவர் சொன்னால் குறைத்துக்கொள்ளலாம். சமைத்த கையைக் கேட்டுவிட்டு உண்ணும் பழக்கத்திற்கு மருத்துவர் இல்லை. எந்தக் குழந்தையும் அந்தப் பழக்கத்தோடு பிறப்பதில்லை. அதைப் பரிமாறுகிறவர்கள் நாம்தான். பரிமாறாமல் இருக்கவும் நம்மால் முடியும்.