எலுமிச்சைச் சாறும் இரத்தத் துளியும்: உயிர் மின்னளவைக் கருவிகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞானக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நியூற்றனின் நூலை அவர் காலத்து வணிக, கப்பற்போக்குவரத்துத் தேவைகளோடு இணைத்து நோக்கிய பொறிஸ் ஹெசனின் கட்டுரை 1931ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டிலே வாசிக்கப்பட்டது; பேணாலின் 'வரலாற்றில் விஞ்ஞானம்' 1954இல் வெளிவந்தது. எனினும் அந்நோக்கு, ஆய்வுகூட மேசைமீதிருக்கும் சாதாரண அளவுமானிவரை போதியளவு கொண்டுசெல்லப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். இலக்கிய மாணவர்க்கு இதில் என்ன அக்கறை என வினவப்படலாம். நூலொன்றை அது தோன்றிய சமூகச் சூழலில் வைத்து வாசிக்கப் பழகிய எமக்கு, கருவியும் அவ்வாறு வாசிக்கத்தக்கதே.

உயிர்ப்பொருளிலிருந்து எழும் மிகச் சிறிய மின்னை அளக்கும் கருவிகளையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். நீரிழிவு நோயாளர் விரல் நுனியிற் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டியொன்றில் ஒற்றிப் பார்க்கும் சிறு மானி அவற்றுள் யாவரும் அறிந்தது. அம்பியரின் பத்து இலட்சத்திலொரு பங்கு என்ற அளவினதான மின்னோட்டமே அப்பட்டியில் எழுவது. இத்துணை மெல்லிய மின்னைக் கேட்கும் செவி எவ்வாறு உருவாயிற்று?

கல்வானி 1791இல் வெளியிட்ட தவளைக்கால் ஆய்விலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆயின் நுண்ணளவைக்கான நெருக்குதல் வேறிடத்திலிருந்து வந்தது. 1858ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே போடப்பட்ட தந்திக் கம்பியின் மறுமுனைக்கு வந்துசேர்ந்த மின் மிக நலிந்திருந்தது. வில்லியம் தொம்சன், சிறு காந்தத்தோடு ஒட்டிய ஆடியினால் ஒளிக்கதிரொன்றைத் திருப்பி, அந்நலிந்த அசைவைப் பெருப்பித்துக் காட்டினார். (கம்பி சொல்வதைக் கூர்ந்து கேட்பதற்குப் பதிலாக அதனை உரக்கப் பேசவைக்க முயன்ற உவைற்ஹவுஸ், ஏறத்தாழ 2000 வோல்ற்று கொடுத்தார், கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது.) கிளெமோன் அடேர் 1897இல், காந்தப் புலத்தினூடே மெல்லிய இழையொன்றை நிறுத்திய கருவியை அமைத்ததும் கடலடித் தந்திக்காகவே. லெய்டன் நகரில் ஐந்தோவன் 1901இல் விவரித்த இழைக் கல்வனோமானி இதே தத்துவத்தைக் கொண்டது. அதன்மூலம் மனித இதயத்தின் மின் துடிப்பு துல்லியமாக வரையப்பட்டது. அக்கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. இயக்குவதற்கு ஐவர் வேண்டும். நோயாளியிடம் கருவியைக் கொண்டுசெல்ல இயலாமையால், ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இதயத்தின் மின் ஆய்வுகூடத்திற்கு அனுப்பப்பட்டது. தந்திக்கெனப் பிறந்த தத்துவம், உடலை அளக்க வந்தபோதும் கம்பியையே நாட நேர்ந்தது.

அடுத்த கட்டமே எமது நோக்கில் முக்கியமானது. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும் என்பதைக் கிறெமர் 1906இல் கண்டார். ஹாபரும் கிளெமென்சியெவிச்சும் 1909இல் அதனைக் கண்ணாடி மின்வாயாக்கினர். ஆனால் கண்ணாடியின் மின்தடை கோடிக்கணக்கான ஓம் அளவினது. சாதாரண கல்வனோமானி தான் அசைவதற்கே மின்வாயிலிருந்து மின்னை உறிஞ்சுவதால், அளக்க வேண்டிய அழுத்தம் அளக்கும்போதே குன்றிவிடும். தான் அளப்பதிலிருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்ளாத மானி தேவைப்பட்டது. வானொலியால் பெருகிய வெற்றிடக் குழாய்க்கு அப்பண்பு உண்டு. 1920களில் ஆய்வாளர் சிலர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தனர். எனினும் அது ஆய்வுகூட மேசையை விட்டு நகரவில்லை.

அதனை நகர்த்தியது எலுமிச்சை. கலிபோர்ணியாப் பழச் செய்கையாளர் கூட்டமைப்பின் ஆய்வுகூடத்தில், பழமாக விற்க முடியாத எலுமிச்சையிலிருந்து பெக்ரினும் சித்திரிக் அமிலமும் பெறப்பட்டன. சாற்றின் அமிலத்தன்மையை அறிய வேண்டும். ஆனால் அதனைப் பேணச் சேர்த்த கந்தகவீரொட்சைட்டு பாசிச்சாயத்தின் நிறத்தை நீக்கியது. ஐதரசன் மின்வாயையும் நஞ்சூட்டியது. மெல்லிய கண்ணாடிக் குமிழ்களோ அடிக்கடி உடைந்தன. அங்கு பணியாற்றிய கிளென் ஜோசப், 1934இல் தம் கல்லூரித் தோழர் ஆர்னல்ட் பெக்மனை அணுகினார். குழாய்ப் பெருக்கியைச் சேர்த்தால் குமிழ் தடித்ததாகவும் சிறியதாகவும் இருக்கலாம் என்பதே பெக்மனின் விடை. உடன் பணியாற்றியோர் அக்கருவியை ஓயாது எடுத்துச் சென்றமையால் ஜோசப் இரண்டாவதொன்றைக் கேட்டார். சந்தை உண்டென்பதைப் பெக்மன் அப்போதுதான் உணர்ந்தார். விரைவிலேயே 195 டொலர் விலைக்கு அது விற்பனைக்கு வந்தது.

அதே பத்தாண்டின் கலிபோர்ணியாவைத்தான் ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளிவந்த 'த கிறேப்ஸ் ஒவ் றாத்' நாவலிற் சித்திரித்தார். பசித்தோர் பார்த்து நிற்க, விலை சரியாதிருக்கும்பொருட்டுத் தோடம்பழக் குவியல்கள்மீது மண்ணெண்ணெய் தெளிக்கப்படும் காட்சி அதில் வருகிறது. மிகையுற்பத்தியின் முரண்பாடு ஒருபுறம் பழத்தை அழித்தது. மறுபுறம் அதன் சாற்றை அளக்கும் நுண்மானியைப் பெற்றது. இரண்டையும் ஒருசேர வாசிக்காதார்க்குக் கருவி வெறும் கருவியாகவே தோன்றும்.

இதனை இயந்திரப் பாங்காக விளங்கிக்கொள்ளலாகாது. சந்தையைவிட சத்திரசிகிச்சைக் கூடம் வழிநடத்திய கட்டமும் உண்டு. இதய-நுரையீரல் இயந்திரத்தின் குருதியில் ஒட்சிசனை அளக்க வேண்டிய நிலையில், லீலன்ட் கிளார்க் 1954இல் பிளாற்றின மின்வாயைப் பொலித்தீன் சவ்வினால் மூடினார். குருதிப் புரதம் படிவது நின்றது. 1962இல் அவரும் லயன்சும் சவ்வுகளிடையே நொதியம் வைத்து, ஒட்சிசன் குறையும் அளவினாற் குளுக்கோசைக் கணிக்கலாம் எனக் காட்டினர்.

ஆனால் அளவை யாருடையது? 1970ஆம் ஆண்டையொட்டி, நிறம் மாறும் பட்டியின் ஒளியை ஒளிமின்கலத்தால் அளக்கும் குளுக்கோசு மானியொன்று சந்தைக்கு வந்தது. நீரிழிவு நோயாளியான பொறியியலாளர் றிச்சட் பேண்ஸ்ரைன் 1969இல் அதனை வாங்க விழைந்தபோது, மருத்துவர்க்கன்றி விற்பனையில்லை என அறிந்தார். மருத்துவரான மனைவியின் பெயரில் வாங்கினார். தன் குருதியைத் தானே அளந்த அனுபவத்தை மருத்துவ ஏடுகள் ஏற்காமையால், நாற்பதுகளில் மருத்துவக் கல்லூரி சேர்ந்து 1983இல் மருத்துவரானார். தம் உடல்பற்றிப் பேசுவதற்கு அவருக்குப் பட்டமொன்று வேண்டியிருந்தது!

1984இல் கிறான்பீல்ட், ஒக்ஸ்பேட் ஆய்வாளர்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகப் பெரோசீனைப் பயன்படுத்திய மின்வாயை வெளியிட்டனர். 1987இல் அது பேனா வடிவ மானியாயிற்று. பொறுப்பு நோயாளியின் கைக்கு வந்தது. இலாபம் பட்டிக்கு இடம்பெயர்ந்தது. மானி மலிவாகவும் சிலவேளை இலவசமாகவும் தரப்படுகிறது. பட்டியோ ஒருமுறைக்கு மேற் பயன்படாது. ஒரு நிறுவனத்தின் பட்டி மற்றொன்றின் மானியில் பெரும்பாலும் பொருந்தாது. நாள்தோறும் பலமுறை அளக்க வேண்டிய ஏழை நோயாளி, பட்டியை எண்ணி எண்ணி அளவையைத் தவிர்க்கிறார்.

2011இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தினர், மின்வாயை இயக்கி நுண்மின்னோட்டத்தை அளக்கும் கருவியொன்றை 80 டொலருக்கும் குறைந்த செலவில் அமைத்து, அதன் சுற்று வரைபடத்தை யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டனர். அவ்வரைபடம் மானியைத் தருகின்றது. நொதியம் பூசிய பட்டியை இன்னும் கடையிலேயே வாங்க வேண்டியிருக்கிறது.